நார்தர்ன் டான்சரின் ரத்தம்

2021 ஜூன் 5 அன்று எப்சம் டெர்பியை வென்ற குதிரையின் பெயர் அடையார். அதைப் பெற்ற பெட்டையின் பெயர் அண்ணா சாலை. இரண்டு பெயரையும் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வைத்தது துபாய் ஷேக் முகமதுவின் கோடால்ஃபின் நிறுவனம். பந்தயத்தில் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத குதிரை அது. 16/1 பந்தய விலையில் (ஒன்று கட்டினால் பதினாறு லாபம்) ஓடி நாலரை லெங்த், அதாவது நாலரை குதிரை நீள வித்தியாசத்தில் ஜெயித்தது. இந்தக் கட்டுரைக்கு அதன் ஓட்டத்தைவிட வம்சாவளித் தாள்தான் முக்கியம். 1961இல் கனடாவில் பிறந்த நார்தர்ன் டான்சர் என்ற குதிரை அந்தத் தாளில் திரும்பத் திரும்ப வருகிறது.

தகப்பன் வழியில் தொடங்குவோம். அடையாரின் தகப்பன் ஃப்ராங்கல், அதன் தகப்பன் கலிலியோ, அதன் தகப்பன் சாட்லர்ஸ் வெல்ஸ், அதற்கும் மேலே நார்தர்ன் டான்சர். இது நான்காம் தலைமுறை. ஃப்ராங்கலின் தாய் கைண்ட், அவள் தகப்பன் டேன்ஹில், அதன் தகப்பன் டான்சிக், அதற்கு மேலே மறுபடியும் நார்தர்ன் டான்சர், ஐந்தாம் தலைமுறையில். இனி அண்ணா சாலையின் பக்கம். அவள் தாய் அன்னா பலரிவா, அவள் தகப்பன் கேர்லியன், அதன் தகப்பன் நிஜின்ஸ்கி, அதற்கு மேலே அதே நார்தர்ன் டான்சர், அதுவும் ஐந்தாம் தலைமுறை.

அச்சிட்ட வம்சாவளித் தாள் வழக்கமாக ஐந்து தலைமுறையோடு நின்றுவிடும். அதனால் ஏலப் புத்தகத்தில் இதை 4×5×5 என்று பார்ப்போம். தாளின் விளிம்பைத் தாண்டிப் போனால் இன்னும் இருக்கிறது. அண்ணா சாலையின் தகப்பன் துபாவி. துபாவியின் தகப்பன் துபாய் மில்லேனியத்தைப் பெற்றவள் கொலராடோ டான்சர். அவள் தகப்பன் ஷரீஃப் டான்சர், நார்தர்ன் டான்சரின் மகன். இது ஆறாம் தலைமுறை. துபாவியின் தாய் வழியில் டான்சிங் பிரேவ், லிஃபார்ட் என்று ஏறினால் ஏழாம் தலைமுறையில் ஐந்தாவது முறையாக அதே பெயர்.

கணக்குப் போடலாம். நான்காம் தலைமுறை முன்னோர் ஒன்று குட்டிக்குச் சராசரியாகத் தருவது 1/16. ஐந்தாவது 1/32, ஆறாவது 1/64, ஏழாவது 1/128. ஐந்து இடங்களையும் கூட்டினால் 19/128, அதாவது கிட்டத்தட்ட 15 விழுக்காடு. ஒரு கொள்ளுத் தாத்தாவின் பங்கு 12.5 விழுக்காடுதான். அடையார் பிறந்தது 2018இல், நார்தர்ன் டான்சர் பிறந்தது 1961இல். 57 ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் கொள்ளுத் தாத்தாவைவிட அதிகமான பங்கோடு அது அந்தக் குதிரைக்குள் இருக்கிறது. மரபணுக்கள் சேரும் குலுக்கலில் உண்மைப் பங்கு கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் இன்றைய ஐரோப்பியத் தரோபிரெட் (பந்தயத்துக்கென வளர்க்கும் குதிரை இனம்) எதை எடுத்துக்கொண்டாலும் கணக்கு இதற்கு வெகுதூரத்தில் இருக்காது.

இவ்வளவு பரவிய குதிரையை ஒரு வயதில் யாரும் வாங்க முன்வரவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஓஷாவா ஊரில் இருந்த ஈ. பி. டெய்லரின் விண்ட்ஃபீல்ட்ஸ் பண்ணையில் அது பிறந்தது மே 27 அன்று. வட கோளத்தில் எல்லாத் தரோபிரெட்டுக்கும் ஜனவரி 1தான் பிறந்தநாள். ஆகவே ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்த குட்டிகளோடு, மூன்று நான்கு மாத வளர்ச்சிக் குறைவோடு மோத வேண்டிய குட்டி அது. தாமதத்துக்குக் காரணம் உண்டு. தாய் நடால்மா 1960 வசந்தத்தில் கென்டக்கி ஓக்ஸ் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது முழங்காலில் எலும்புச் சில்லு உடைந்தது. ஓட்டத்தை நிறுத்தி ஊருக்குக் கொண்டுவந்து, சேர்க்கைப் பருவம் முடியும் நேரத்தில் நியர்க்டிக் என்ற பொலிகுதிரையிடம் விட்டார்கள். சினைக் காலம் சுமார் 340 நாள், அதனால்தான் மே கடைசி. டெய்லர் தன் ஒரு வயதுக் குட்டிகளுக்கு முன்கூட்டியே விலை குறித்து விற்பவர். இதற்குப் போட்ட விலை 25,000 டாலர். குட்டை, கனத்த உடல், பிந்திப் பிறந்தது என்று வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். கடைசியில் டெய்லரின் சொந்தக் குதிரையாகவே ஓடியது.

முழு வளர்ச்சியிலும் உயரம் 15.2 ஹேண்டைத் தாண்டவில்லை. ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம், ஆகத் தோள்மட்டம் ஐந்தடிக்குச் சற்று மேல். 18 பந்தயத்தில் 14 வெற்றி, மூன்றாமிடத்துக்குக் கீழே ஒருமுறைகூட இறங்கியதில்லை. 1964 கென்டக்கி டெர்பியைச் சரியாக இரண்டு நிமிடத்தில் முடித்தது. அந்த நேரத்தை முறியடிக்க 1973இல் செக்ரடேரியட் வர வேண்டியிருந்தது. ப்ரீக்னஸையும் வென்று, பெல்மான்ட்டில் மூன்றாவதாக வந்து, கனடாவின் குயின்ஸ் பிளேட்டை வென்றபின் தசைநாண் கெட்டு ஓட்டம் நின்றது.

1965இல் ஓஷாவாவிலேயே பொலிகுதிரையாக நின்றது, சேர்க்கைக் கட்டணம் 10,000 டாலர். சில ஆண்டுகளில் அமெரிக்கப் பெட்டைகளுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று மேரிலாந்தில் இருந்த விண்ட்ஃபீல்ட்ஸ் கிளைக்கு மாற்றினார்கள். அங்கே சேர்க்கைக் கொட்டிலில் அதற்காகவே ஒரு மேடு கட்டினார்கள். உயரமான பெட்டை வந்தால் இந்தக் குட்டைக் குதிரைக்கு எட்ட வேண்டுமே.

அது கடத்தியது உடல் அளவை அல்ல. மகன் நிஜின்ஸ்கி உயர்ந்து வளர்ந்த குதிரை, மகன் தி மின்ஸ்ட்ரெல் தகப்பனைப் போலக் குட்டை, இரண்டுமே எப்சம் டெர்பி வென்றன. பெரும்பாலும் இறங்கியது பின்னங்கால்களின் திரண்ட பலம், சட்டென்று வேகம் மாற்றும் திறன், போட்டியில் விட்டுக்கொடுக்காத குணம். பெட்டையிடம் உயரம் இருந்தால் உயரம், தாக்குப்பிடிக்கும் சக்தி இருந்தால் அது. அவற்றோடு இது போய்ச் சேர்ந்துகொள்ளும். ஒரே அச்சில் குட்டி வார்க்கும் பொலிகுதிரைகள் பல உண்டு. அவற்றுக்கு ஒத்துப்போகும் பெட்டைகளின் வட்டம் சிறியது. எந்தப் பெட்டையோடும் ஒத்துப்போகும் பொலிகுதிரைதான் நாடு தாண்டிப் பரவும். நார்தர்ன் டான்சர் விஷயத்தில் இதைவிட முக்கியமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ரத்தம் தானாகப் பரவிவிடாது. 1968இல் அயர்லாந்தின் பயிற்சியாளர் வின்சென்ட் ஓ'பிரையன், அமெரிக்கத் தொழிலதிபர் சார்ல்ஸ் எங்கல்ஹார்டுக்காக, ரிபோ என்ற பொலிகுதிரையின் குட்டி ஒன்றைப் பார்க்க விண்ட்ஃபீல்ட்ஸ் போனார். அது பிடிக்கவில்லை. அங்கே நின்ற இன்னொரு குட்டி பிடித்தது. 84,000 டாலருக்கு வாங்கிய அந்தக் குட்டிதான் நிஜின்ஸ்கி. 1970இல் 2000 கினீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் மூன்றையும் வென்று இங்கிலாந்தின் டிரிபிள் கிரவுன் பெற்றது. அதற்குப் பிறகு இன்றுவரை வேறு எந்தக் குதிரையும் பெறவில்லை. ஓ'பிரையன், அவர் மருமகன் ஜான் மேக்னியர், பணக்காரர் ராபர்ட் சாங்ஸ்டர் மூவரும் சேர்ந்து கென்டக்கியின் கீன்லண்ட் ஏலத்தில் நார்தர்ன் டான்சரின் மகன்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். அயர்லாந்தில் ஓடவைத்து, ஜெயித்தால் டிப்பரேரியின் கூல்மோர் பண்ணையில் பொலிகுதிரையாக நிறுத்துவது, பல லட்சம் பங்குத் தொகைக்குக் கூட்டாளிகளைச் சேர்ப்பது. குதிரை வாங்கும் பணத்தை ஒரு பந்தயப் பரிசும் திருப்பித் தராது. பொலிகுதிரையின் எதிர்காலச் சேர்க்கைக் கட்டணம் தரும். இதைக் கணக்காகப் பார்த்து வாங்கிய முதல் பெரிய கூட்டம் அவர்கள்தான்.

இதற்கு எதிராக அரபு ஷேக்குகள் வந்ததும் ஏலம் எகிறியது. 1983 ஜூலையில் நார்தர்ன் டான்சரின் ஒரு குட்டியை ஷேக் முகமது 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு எடுத்தார். ஸ்னாஃபி டான்சர் என்று பெயர் வைத்தார்கள். ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை, பொலிகுதிரையாக நிறுத்தியபோது கருத்தரிக்கவைக்கும் திறனும் போதவில்லை. அந்தக் காலத்தில் நார்தர்ன் டான்சரிடம் ஒரு சேர்க்கை பத்து லட்சம் டாலர் வரை போனது, அதுவும் உத்தரவாதம் இல்லாமல். சாதாரண ஒப்பந்தத்தில் குட்டி உயிரோடு பிறந்து, எழுந்து நின்று, தாயிடம் பால் குடித்த பிறகுதான் கட்டணம். உத்தரவாதமில்லாத ஒப்பந்தத்தில் பெட்டை சினை பிடிக்காவிட்டாலும் பணம் போனது போனதுதான்.

இந்தத் தொழிலில் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது எது என்று புரிந்தால்தான் மரபு எப்படி உருவாகிறது என்று தெரியும். தரோபிரெட்டில் செயற்கைக் கருவூட்டல் கிடையாது. விந்தை உறையவைத்து அனுப்பிப் பிறந்த குட்டியை எந்த நாட்டின் பதிவேட்டிலும் ஏற்க மாட்டார்கள். பெட்டை நேரில் பொலிகுதிரை இருக்கும் பண்ணைக்கு வர வேண்டும்.

பெட்டைக்கு இயற்கையான பருவம் பகல் நீளும் காலத்தில்தான் வரும். ஜனவரிக் குட்டி வேண்டுமென்றால் பிப்ரவரி நடுவிலேயே சேர்க்க வேண்டும். அதற்காக டிசம்பர் தொடக்கத்திலிருந்து கொட்டிலில் விளக்குப் போட்டு, பகலும் விளக்குமாக நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் தருவார்கள். அறுபது எழுபது நாளில் உடல் வசந்தம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். சுழற்சி 21 நாள், அதில் ஐந்தாறு நாள்தான் பருவம். ஸ்கேனில் சூல்பை முட்டைக் குமிழ் 35 மில்லிமீட்டர் தாண்டியதும் முட்டையை விடவைக்கும் ஊசி போடுவார்கள். 36 முதல் 48 மணி நேரத்தில் முட்டை வெளிவரும், அதற்குச் சற்று முன்னால் சேர்க்கை நடக்க வேண்டும். நேரம் தப்பினால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

பெட்டை வருவதற்கு முன்பே தொற்று இல்லை என்று காட்டும் ஸ்வாப் சோதனை முடிந்திருக்க வேண்டும். 1977இல் நியூமார்க்கெட்டில் பரவிய கருப்பை அழற்சி நோய்க்குப் பின் இதில் யாரும் சலுகை காட்டுவதில்லை. சேர்க்கைக்கு முன் டீசர் என்ற இன்னொரு ஆண் குதிரையைத் தடுப்புக்கு அப்பால் நிறுத்திப் பார்ப்பார்கள். பெட்டை காதை மடக்கி உதைத்தால் இன்னும் தயாரில்லை, வாலைத் தூக்கி நின்றால் தயார். உதை வாங்குவது டீசரின் வேலை, விலை உயர்ந்த குதிரைக்கு அந்த ஆபத்து வேண்டாம். பிறகு பெட்டையின் வாலுக்குக் கட்டுப்போட்டு, பின்புறம் கழுவித் துடைத்து, பின்னங்கால் குளம்புகளுக்குத் தடித்த கம்பளி உறை மாட்டி, தேவைப்பட்டால் மேலுதட்டில் கயிற்றுச் சுருக்குப் போட்டு நிறுத்துவார்கள். கடிக்கும் பழக்கமுள்ள குதிரை என்றால் பெட்டையின் கழுத்துக்குத் தோல் கவசம். இறங்கியதும் சொட்டும் விந்தை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது நல்ல பண்ணைகளின் வழக்கம். குறை இருந்தால் அன்றே தெரிந்துவிடும்.

14 அல்லது 15ஆம் நாள் முதல் ஸ்கேன். அதில் தேடுவது சினையை மட்டுமல்ல, இரட்டையையும்தான். குதிரையின் கருப்பை இரண்டு குட்டிகளை நிறைமாதம் வரை சுமக்கும் அமைப்பு இல்லாதது. விட்டுவிட்டால் பெரும்பாலும் இரண்டும் போகும், தாயும் ஆபத்தில் மாட்டும். 16ஆம் நாளுக்குள் கரு கருப்பைக்குள் நகர்ந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர் ஒன்றை விரலால் நசுக்கிவிடுவார். பிறகு ஒட்டிக்கொண்டால் பிரிப்பது கடினம். நான்காவது வாரத்தில் இதயத்துடிப்பு, ஆறாவது வாரத்தில் இன்னொரு சோதனை. ஏறத்தாழ 37ஆம் நாளுக்குப் பின் கரு கலைந்தால் கருப்பையில் உருவான கிண்ணம் போன்ற திசுக்கள் சுரக்கும் ஹார்மோன் காரணமாகப் பெட்டை அந்தப் பருவத்தில் மறுபடி ஒழுங்காகப் பருவத்துக்கு வராது, ஓர் ஆண்டு வீண்.

நார்தர்ன் டான்சரின் காலத்தில் இந்த வேலைக்கு ஸ்கேனும் இல்லை, முட்டையை நேரம் குறித்து விடவைக்கும் இன்றைய முறையும் இல்லை. ஒரு பெட்டைக்கு இரண்டு மூன்று தடவை சேர்க்க வேண்டும். அதனால் ஆண்டுக்கு நாற்பதை ஒட்டிய பெட்டைகள்தான் ஒரு பொலிகுதிரையின் வரம்பு. 1970இல் நார்தர்ன் டான்சரைப் பங்குபோட்டபோதும் 32 பங்குதான், பங்குக்கு ஆண்டுக்கு ஒரு பெட்டை, பங்கு 75,000 டாலர். இன்று ஒரே சேர்க்கையில் சினை பிடிக்கும் வாய்ப்பு கூடிவிட்டதால், பருவ உச்சத்தில் நாளுக்கு மூன்று நான்கு சேர்க்கையோடு ஒரு பொலிகுதிரை 200 பெட்டைகளைத் தாண்டுகிறது. இதற்கு மேல், வட கோளப் பருவம் முடிந்ததும் விமானத்தில் ஆஸ்திரேலியா போய், செப்டம்பரில் தொடங்கும் தென்கோளப் பருவத்தையும் பார்த்துவிட்டு வரும் வழக்கம்.

அந்த வழக்கத்தைப் பெரிய தொழிலாக்கியது டேன்ஹில். தகப்பன் டான்சிக் மூன்றே பந்தயம் ஓடி மூன்றும் வென்று முழங்கால் கோளாறால் ஒதுங்கிய குதிரை. டேன்ஹில்லும் ஓட்டத்தில் நல்ல வேகக் குதிரை என்ற அளவுதான். அதன் வம்சாவளியில் நார்தர்ன் டான்சரின் தாய் நடால்மா மூன்றாம் தலைமுறையில் இருபுறமும் இருக்கிறாள், 3×3. கூல்மோரும் ஆஸ்திரேலியாவின் அரோஃபீல்டு பண்ணையும் சேர்ந்து வாங்கி இரு கோளத்திலும் நிறுத்தினார்கள். குட்டிகள் வென்ற பரிசுத் தொகையை வைத்துத் தரும் ஆஸ்திரேலியாவின் முதன்மைப் பொலிகுதிரைப் பட்டம் ஒன்பது முறை. 2003இல் விபத்தில் இறக்கும்போது அதன் மகன்கள் அந்த நாட்டின் சேர்க்கைக் கொட்டில்களை நிரப்பியிருந்தன.

எந்த மகன் மரபைச் சுமக்கும் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். 1981இல் பிறந்த மூன்று மகன்களைப் பாருங்கள். எல் கிரான் செனோர் ஓ'பிரையன் கொட்டிலின் நட்சத்திரம், 1984இல் 2000 கினீஸை வென்றது. டெர்பியில் அதைக் குறுந்தலை (ஒரு குதிரைத் தலையைவிடக் குறைவான) வித்தியாசத்தில் முந்திய செக்ரெட்டோவும் நார்தர்ன் டான்சரின் மகனே. அதே ஓ'பிரையன் கொட்டிலில் இரண்டாம் இடத்தில் இருந்தது சாட்லர்ஸ் வெல்ஸ். நட்சத்திரத்துக்குப் பண்ணையில் கருத்தரிப்புத் திறன் குறைவு என்று தெரியவந்தது. செக்ரெட்டோ பெரிதாக எதையும் விட்டுப்போகவில்லை. சாட்லர்ஸ் வெல்ஸ் பிரிட்டன், அயர்லாந்தின் முதன்மைப் பொலிகுதிரையாக 14 முறை வந்தது, அதில் 1992 முதல் 2004 வரை இடைவிடாமல். அதன் மகன் கலிலியோ 12 முறை. கலிலியோவின் தாய் அர்பன் சீ 1993இல் பிரான்ஸின் ஆர்க் பந்தயத்தை வென்றவள். கலிலியோவின் உயர்வில் பாதியை நான் அவள் கணக்கில்தான் எழுதுவேன், ஏனென்றால் வேறு தகப்பனுக்கு அவள் பெற்ற சீ தி ஸ்டார்ஸும் 2009 டெர்பியை வென்றது. இந்தியாவுக்கும் நேர் மகன் ஒன்று வந்தது. உஷா ஸ்டட் பண்ணையில் நின்ற ரஸீனின் குட்டிகள் நம் நாட்டுப் பெரிய பந்தயங்களில் நீண்ட காலம் ஆதிக்கம் செலுத்தின.

கருத்தரிப்புக் குறைபாடு இந்தத் தொழிலின் தீராத அச்சம். அமெரிக்காவின் சிகார் 1996இல் ஓய்வு பெற்றுப் பண்ணைக்குப் போனபோது ஒரு பெட்டையைக்கூடச் சினையாக்க முடியவில்லை. டேன்ஹில்லின் மகன் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஒரே ஒரு குட்டி. மறுபடி ஓடவிட்டார்கள், 2007 ப்ரீடர்ஸ் கப்பில் கால் முறிந்து இறந்தது. அதனால் முதல் பருவத்துக்குக் காப்பீடு எடுக்கிறார்கள், சேர்த்த பெட்டைகளில் இத்தனை விழுக்காடு, பெரும்பாலும் 60, சினை பிடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இனி நான் கவலையோடு எழுத வேண்டிய பகுதி. ஒரு ரத்தம் இவ்வளவு வென்றால் அதற்குச் சேர்க்கப் புதுப் பெட்டை எங்கே? 1881இல் பிறந்த செயின்ட் சைமன் தோல்வியே காணாத குதிரை, ஒன்பது முறை முதன்மைப் பொலிகுதிரை. பெர்சிமன், டயமண்ட் ஜூபிலி என்று டெர்பி வென்ற மகன்கள் வரிசையாக வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கிலாந்தில் அந்த ஆண் வழி சரிந்தது. எந்தப் பெட்டையைப் பார்த்தாலும் செயின்ட் சைமனின் மகள் அல்லது பேத்தி, மகன்களைச் சேர்க்க அந்நிய ரத்தம் மிச்சமில்லை. கடல் தாண்டிப் போன கிளைதான் பிழைத்தது. இத்தாலியில் ஃபெடெரிகோ டெசியோ வளர்த்த, 16க்கு 16 வென்ற ரிபோ அந்தக் கிளையின் குதிரை.

அதே அபாயம் இன்று பெரிய அளவில் இருக்கிறது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, கடந்த சில பத்தாண்டுகளில் தரோபிரெட்டில் நெருங்கிய ரத்தச் சேர்க்கை தெளிவாகக் கூடியிருப்பதைக் காட்டியது. அது கூடிய குதிரை ஒரு பந்தயத்திலாவது ஓடும் வாய்ப்பு குறைவதை 2022இல் வந்த அவர்களின் இன்னோர் ஆய்வு காட்டியது. தரோபிரெட் பதிவேட்டை நடத்தும் அமெரிக்காவின் ஜாக்கி கிளப், 2020இல், அந்த ஆண்டு முதல் பிறக்கும் பொலிகுதிரைகளுக்கு ஆண்டுக்கு 140 பெட்டைகள் என்று வரம்பு கொண்டுவந்தது. பெரிய பண்ணைகள் நீதிமன்றம் போயின. 2022 பிப்ரவரியில் விதி திரும்பப் பெறப்பட்டது. அந்த விதி நிலைத்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இருநூறு பெட்டைகள் ஒரு கொட்டிலுக்குப் போகும்போது, வேறு ஐந்து பொலிகுதிரைகளுக்குத் தங்களை நிரூபிக்கும் வாய்ப்பே போய்விடுகிறது. சாட்லர்ஸ் வெல்ஸுக்குக் கிடைத்த வாய்ப்பு அத்தகையதுதான்.

ஜப்பான் இதை ஓரளவு வேறு விதமாகச் சமாளித்தது. 1989 கென்டக்கி டெர்பியை வென்ற சண்டே சைலன்ஸை அமெரிக்கப் பண்ணையாளர்கள் போதுமான அளவு மதிக்கவில்லை. ஜென்யா யோஷிதா வாங்கி ஹொக்கைடோவின் ஷடாய் பண்ணைக்குக் கொண்டுபோனார். 1995 முதல் 2007 வரை 13 ஆண்டு தொடர்ந்து அந்த நாட்டின் முதல் இடம். அதில் நார்தர்ன் டான்சர் இல்லை. ஆனால் அதன் தகப்பன் ஹேலோவின் தாய் காஸ்மாவும் நடால்மாவும் அல்மஹ்மூத் என்ற ஒரே பெட்டையின் மகள்கள். சண்டே சைலன்ஸால் நாடே நிரம்பியபோது கிங் கமேஹமேஹா போன்ற வேறு வழிப் பொலிகுதிரைகளை அந்த மகள்களுக்கு வைத்தார்கள். ஐரோப்பியர்கள் கலிலியோவின் மகள்களை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். சண்டே சைலன்ஸின் மகன் டீப் இம்பாக்ட்டுக்கும் கலிலியோவின் மகள் ரோடோடெண்ட்ரனுக்கும் பிறந்த ஆகஸ்ட் ரோடின் 2023 எப்சம் டெர்பியை வென்றது.

அந்நிய ரத்தத்துக்கு இன்னொரு கிணறு ஜெர்மனி. ஷ்லெண்டர்ஹான் பண்ணையில் நின்ற மோன்சுன் 1990இல் பிறந்தது, வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் எங்கேயும் இல்லை. ஜெர்மானியர்கள் பொலிகுதிரைக்கு உரிமம் கொடுப்பதில் கடுமையானவர்கள், மருந்தின் துணையோடு ஓடியவற்றை அனுமதிப்பதில்லை. மோன்சுனின் மகன்கள் ஃபியோரென்டே, புரொடெக்ஷனிஸ்ட், அல்மான்டின் மூன்றும் மெல்போர்ன் கப் வென்றன. ஐரோப்பாவின் பெரிய பண்ணைகள் அதன் மகள்களைத் தேடின. அந்த மகள்களில் ஒருத்தி சன்வா. அவளைச் சீ தி ஸ்டார்ஸிடம் விட்டார்கள். பிறந்த சீ தி மூன் 2014 ஜெர்மன் டெர்பியை வென்று இன்று நியூமார்க்கெட்டில் பொலிகுதிரையாக நிற்கிறது. சீ தி ஸ்டார்ஸுக்கு மேலே கேப் கிராஸ், அதற்கு மேலே கிரீன் டெசர்ட், அதற்கு மேலே டான்சிக், சீ தி மூனின் ஐந்தாம் தலைமுறையில் நார்தர்ன் டான்சர்.